முதல் போட்டித் துப்பாக்கி: க்ளாக்கா, ஷேடோ 2-ஆ?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். போன ஞாயிறு யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கத் துப்பாக்கி சுடும் சங்கம்) போட்டியை வேடிக்கை பார்க்கப் போய் ஆசை தொற்றிக்கொண்டது. கையில் பழைய க்ளாக் 17 இருக்கிறது. விற்றுவிட்டு சிஇசட் ஷேடோ 2 வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் நண்பரே. ஷேடோ 2 எடை 1,330 கிராம். அந்தக் கனத்தால் சுடும்போது வரும் உதைப்பு குறையும், உண்மைதான். அதை வாங்கியும் முதல் போட்டியில் நான் கடைசி இடம்! மேகசின் (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) மாற்றும்போது கை நடுங்கி, குண்டு நிறைந்த மேகசின் சரளைக்கல்லில் விழுந்தது. குனிந்து தேடினேன், பெல்ட்டில் இன்னொன்று இருந்தும். அந்தக் காசுக்கு, பயிற்சி செய்ய 9 மி.மீ. தோட்டா வாங்குங்கள்.

இன்னொரு பதில்: ஆமோதிக்கிறேன். அப்புறம், கெட்டியான பெல்ட், ஐந்து மேகசின்.

கேட்டவர்: சரி, க்ளாக்கே இருக்கட்டும். உறை?

பதில்: கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்). உறை விசையை முழுசாக மூட வேண்டும்.