சுண்ணக்கல் வீட்டில் பாட்டுக் கேட்கும் கருவிகளுக்குக் கம்பி இணைப்பை விரிவாக்குதல்: ஆலோசனை தேவை

கேள்வி (கொக்குவில்)

வணக்கம். எங்களுடையது அப்பப்பா கட்டிய நாற்சார் வீடு. சுண்ணக்கற் சுவர்கள் ஒன்றரை அடி தடிப்பானவை என்பதால், விறாந்தையில் இருக்கும் ரவுட்டரின் வைஃபை இரண்டு சுவர் தாண்டியதும் இல்லாமற் போய்விடுகிறது. அப்பா சேர்த்து வைத்த கசெற்றுகளில் இருந்த நாதஸ்வர, தவில் கச்சேரிகளைக் கணினியில் ஏற்றி, ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஒலி வடிவம்) கோப்புகளாக ஒரு என்.ஏ.எஸ். பெட்டியில், அதாவது வீட்டு வலையமைப்பில் இணைத்த சேமிப்புப் பெட்டியில், வைத்திருக்கிறேன். அவற்றைக் கூடத்திலும், அப்பாவின் அறையிலும், வளவின் பின்பக்கம் கிணற்றடிக்கு அப்பால் இருக்கும் தனி அறையிலும் கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ரவுட்டரின் நான்கு துளைகளும் நிரம்பிவிட்டதால், வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரை அப்பாவின் அறையில் வைத்து, வான் என்று எழுதியிருந்த, வெளி இணையம் வருவதற்கான துளையில் கம்பியைச் செருகினேன். அங்கே இணையம் வருகிறது. ஆனால் கூடத்தில் இருந்து கைப்பேசியில் தேடினால் அந்த அறையின் ஸ்ட்ரீமர் (வலையமைப்பு வழியாகப் பாட்டை எடுத்து ஒலிக்கும் கருவி) தென்படுவதே இல்லை. கூடத்திலோ பாட்டு இடையிடையே அறுந்து போகிறது. கேட் 6 (நெற்வேர்க் கம்பியின் ஒரு தரம்) என்று சொல்லித்தான் கடையில் கம்பி தந்தார்கள். வேகமான சுவிட்ச் (பல கருவிகளின் கம்பிகளை ஒரே வலையமைப்பில் இணைக்கும் பெட்டி) வாங்கினால் இவை சரியாகிவிடுமா? சுமார் 30 மீற்றர் தூரத்தில் இருக்கும் பின் அறைக்குக் கம்பியை எப்படிக் கொண்டு போவது?

பதில் 1 (சுன்னாகம்)

உங்கள் சிக்கல் வேகத்தால் வந்ததன்று. சீடித் தரத்தில் சுருக்காத ஒலிக்கே நொடிக்கு 1.4 மெகாபிட் போதும். 24 பிட், 192 கிலோஹேட்ஸ் ஒலிப்பதிவுகூட 9.2 மெகாபிட்டைத் தாண்டாது. வான் துளையில் செருகியதும் பழைய ரவுட்டர் தனக்கென்று இன்னொரு வலையமைப்பை உருவாக்கிவிட்டது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஸ்ட்ரீமர் அனுப்பும் அறிவிப்பு ஒரே வலையமைப்புக்குள் மட்டுமே சுற்றிவரும். ரவுட்டரைக் கடந்து போகாது. ஆகவே, பழைய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டி.எச்.சி.பி.யை (கருவிகளுக்கு வலையமைப்பு முகவரி வழங்கும் வசதி) நிறுத்தி, முதன்மை ரவுட்டரோடு மோதாத ஒரு முகவரியைக் கொடுத்து, கம்பியை லான் எனப்படும், வீட்டுக் கருவிகளுக்கான துளைகளில் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

வசதி இருந்தால் எட்டுத் துளை கொண்ட சாதாரண கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) சுவிட்ச் ஒன்றையே வாங்கி வையுங்கள். பாட்டுக்கு அது தேவைப்படாவிட்டாலும், என்.ஏ.எஸ்.ஸுக்குக் கோப்புகளை ஏற்றும்போது அதன் பயன் தெரியும். இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே இரண்டு கம்பிகளை மட்டும் இணைத்துவிடாதீர்கள். தகவல் வளையத்தில் சுற்றிச் சுற்றி முழு வீட்டையும் முடக்கிவிடும்.

பதில் 2 (பருத்தித்துறை)

பாட்டு அறுவதற்குக் காரணம் கம்பியாக இருக்கலாம். ஒரு துண்டை வெட்டி, ஓர் இழையின் உறையை உரித்து, பிளேட்டால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். செப்புநிறம் போய் உள்ளே வெள்ளி போல மின்னினால், அது செப்புப் பூசிய அலுமினியம். அது இரண்டு மூன்று தடவை வளைத்தாலே முறியும். கிளிப் அழுத்தும் இடத்திலும் இறுக்கம் குறைந்து, எங்கள் கடற்கரை உப்புக் காற்றில் தொடர்பு விரைவில் கெட்டுப் போகும். சுத்தச் செம்பாலான கேட் 5ஈ கிடைத்தாலே உங்களுக்குத் தாராளம். 100 மீற்றர் வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும்.

இரு முனைகளிலும் ஒரே நிற வரிசையைப் பின்பற்றுங்கள்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். மின்கம்பி போகும் குழாய்க்குள் இதையும் சேர்த்து இழுக்கவே கூடாது. குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்க விடுங்கள்.

பதில் 3 (அளவெட்டி)

பின் அறையைப் பற்றி எவரும் சொல்லாததால் எழுதுகிறேன். வளவைக் கடந்து செப்புக் கம்பி இழுக்காதீர்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் எங்கள் பக்கம் இடிமின்னல் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருமுறை மின்னல் விழுந்தது அயல் வளவில் நின்ற பனையில்தான்; ஆனால், எங்கள் மாட்டுக்கொட்டிலுக்கு இழுத்திருந்த நெற்வேர்க் கம்பி வழியாக வந்த அதிர்ச்சி சுவிட்சையும் என்.ஏ.எஸ்.ஸையும் அம்பிளிஃபையரையும் ஒரே நேரத்தில் எரித்துவிட்டது. ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த பதிவுகள் அன்றோடு போயின. உங்கள் அப்பாவின் கசெற்றுகளுக்கு அந்த நிலை வரக்கூடாது.

செம்புக்குப் பதிலாக ஃபைபர் போடுங்கள். அந்தக் கண்ணாடி இழையில் தகவல் ஒளியாகப் போகும், மின்சாரம் பாயாது. இரு முனைகளிலும் ஒவ்வொரு மீடியா கன்வேட்டர் (செப்புக் கம்பியின் மின்குறிப்பை ஒளியாகவும் ஒளியை மின்குறிப்பாகவும் மாற்றும் பெட்டி) வைத்து, இழையைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் புதைத்துவிடுங்கள். தூணுக்குத் தூண் கட்டும் ஃபைபரில் தாங்குவதற்காக உருக்குக் கம்பி இருக்கும். உலோகமே இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். கோப்புகளின் இன்னொரு பிரதியை வெளி வன்தட்டில் எடுத்து, இணைப்பைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள்.

கேட்டவரின் பதில் (கொக்குவில்)

மூவருக்கும் மிக்க நன்றி. டி.எச்.சி.பி.யை நிறுத்தி லான் துளைக்கு மாற்றியதும், அப்பாவின் அறைக் கருவி கைப்பேசியில் வந்துவிட்டது. நேற்றிரவு அவர் தெட்சணாமூர்த்தியின் தவிலைத் தன் கட்டிலில் இருந்தபடியே கேட்டார். கம்பியைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே வெள்ளைதான். இந்தக் கிழமை கூடத்துக் கம்பியை மாற்றுகிறேன். பின் அறைக்கு மாரி தொடங்கும் முன் குழாய் புதைக்க ஆள் பேசியிருக்கிறேன். ஃபைபரில் சிங்கிள் மோட், மல்ட்டி மோட் என்று இரு வகை உண்டாமே, கன்வேட்டர்கள் வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

பதில் 3 (அளவெட்டி)

30 மீற்றருக்கு இரண்டுமே போதும். ஆனால், வீடுகளுக்கு இணையம் கொடுப்பவர்கள் பயன்படுத்துவது சிங்கிள் மோட் என்பதால் இழையும் அதை ஒட்டும் ஆட்களும் எளிதில் கிடைப்பார்கள். அதையே வாங்குங்கள், கன்வேட்டர் இரண்டும் அந்த வகைக்கு உரியவைதானா என்று பெட்டியில் பார்த்து எடுங்கள்.