கேப்பபிலிட்டிக்கு ‘இயலுமை’: ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

மனித மேம்பாட்டுக் கலைச்சொற்கள் குறித்த இழையில், கேப்பபிலிட்டி (capability) என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் ‘திறன்’ போதும் என்று சென்னை நண்பரும், ‘ஆற்றல்’ இன்னும் பொருந்தும் என்று கண்டி நண்பரும் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ‘இயலுமை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

பொருளியல் அறிஞர் அமார்த்ய சென் 1979இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், மனிதரிடையே எதைச் சமமாக்க வேண்டும் என்ற கேள்வியை எழுப்பினார். கையிலுள்ள பொருளை எண்ணிப் பார்த்தால் போதாது, அதைக் கொண்டு ஒருவர் எதைச் செய்யவும் எப்படி வாழவும் முடிகிறது என்பதையே பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். இப்படி ‘முடிகிற’ நிலையைத்தான் அவர் கேப்பபிலிட்டி என்றார். பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக்கின் முயற்சியால் 1990 முதல் வெளிவரும் ஐ.நா. மனித மேம்பாட்டு அறிக்கைகள் இந்த எண்ணத்தின் மேல் எழுந்தவை. தொழில்நுட்ப மெய்யியலார் பின்னர் இதே கேள்வியைக் கருவிகளை நோக்கித் திருப்பினர். ஒரு கருவி ஊருக்கு வந்துவிட்டது என்பதாலேயே முன்னேற்றம் வந்துவிட்டதாகக் கணக்கு எழுதிவிடலாமா என்று கேட்டனர்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, நம் மக்கள் பல தலைமுறையாக வாழும் டோங்காட்டில், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்தது. பல மாதங்கள் குழாய்கள் வறண்டு கிடந்தன. குடிநீர் லாரிதான் கதி. லாரி எல்லாருக்கும் ஒரே நீரைத்தான் கொண்டுவந்தது. ஆனால் இரண்டு வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் வாளிகள் நிறைந்துவிடும்; மேட்டுத் தெருவில் முழங்கால் வலியோடு தனியே இருக்கும் பாட்டிக்கோ, லாரி வந்து நிற்பதும் வராமலிருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். குழாயில் நீர் வந்தவரை அந்தப் பாட்டி யாரையும் எதிர்பார்க்காமல் சமைத்தார், குளித்தார். வெள்ளத்தால் அவருடைய திறன் எதுவும் குறைந்துவிடவில்லை. குறைந்தது அவருடைய இயலுமை.

இந்த வேறுபாட்டைத் தமிழ் இலக்கணமே எடுத்துக்கொடுக்கிறது என்று கருதுகிறேன். ‘என்னால் குளிக்க இயலவில்லை’ என்று கை முறிந்தவரும் சொல்லலாம், குழாய் வறண்டவரும் சொல்லலாம். ‘எனக்குக் குளிக்கும் திறன் இல்லை’ என்று குழாய் வறண்டவர் சொன்னால் தமிழறிந்த எவரும் திகைப்பார்கள். திறனும் ஆற்றலும் ஆளுக்குள் இருப்பவை. ‘இயலும்’ என்ற வினையோ ஆளை எழுவாயாக நிறுத்துவதில்லை. உடல், பணம், கருவி, சட்டம், அயலார் உதவி எல்லாம் கூடிவந்தால்தான் ஒரு செயல் இயலும். சென் சொல்ல வந்ததும் இந்தக் கூட்டு நிலையைத்தான்.

சொல்லைத் தவறாகத் தேர்ந்தால் பழியும் தவறான இடத்தில் போய் விழும் என்பதே என் கவலை. ஜோஹன்னஸ்பர்க் நகரைச் சேர்ந்த சொவெட்டோவின் பிரி பகுதியில் முன்பணத் தண்ணீர் மீட்டர்கள் பொருத்தப்பட்டதை எதிர்த்து நடந்த மசிபுகோ வழக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு மனைக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம்; அது தீர்ந்ததும் மீட்டர் தானே அடைத்துக்கொள்ளும்; பணம் கட்டினால்தான் மீண்டும் திறக்கும். எட்டுப் பேர் உள்ள வீட்டில் இது ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர். பின்கட்டுக் குடிசைகளில் இருப்போரையும் சேர்த்தால் அதுவும் குறையும். 2008இல் உயர் நீதிமன்றம் ஆளுக்கு 50 லிட்டர் வேண்டும் என்றது. 2009 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் நகராட்சியின் கொள்கை நியாயமானதே என்று முடித்தது. தீர்ப்பின் சட்ட நுணுக்கத்துக்குள் நான் போகவில்லை. மீட்டர் ஒவ்வொரு வீட்டிலும் ஒரேபோல இயங்கியது என்பதும், அந்த ஒரே மீட்டர் ஒரு வீட்டில் போதிய நீரும் இன்னொரு வீட்டில் மாதக் கடைசியில் வெறும் குழாயும் தந்தது என்பதும்தான் மெய்யியலுக்கு வேண்டிய செய்தி. இதனைத் திறன் குறைவு என்று மொழிபெயர்த்தால், பணம் கட்டத் திறனற்றவர்கள் என்று அந்த மக்களைக் குற்றம் சொன்னதாகிவிடும்.

‘இயலாமை’ என்பது தளர்ச்சியை நினைவூட்டுகிறதே என்ற மறுப்பு வரலாம். மறுப்பு நியாயமானதுதான், ஆனாலும் சொல்லைக் கைவிடுமளவுக்குப் பெரிதன்று. எங்கள் கோயில் தமிழ் வகுப்புகளில், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகள் ‘இயல்வது கரவேல்’ என்று ஆத்திசூடி படிக்கிறார்கள். அங்கே ‘இயல்வது’ என்பதில் மனமும் உண்டு, கைப்பொருளும் உண்டு. அந்த வேரிலிருந்து கிளைக்கும் கலைச்சொல்லை அவர்களுக்கு விளக்குவது எளிது. இலங்கையில் ‘இயலுமை’ பொதுவழக்கில் இருக்கிறது. பொருளைச் சற்றே கூர்மையாக்கினால் போதும். ‘திறன்’ தன் இடத்திலேயே, தச்சுத்திறன், மொழித்திறன் என்று இருக்கட்டும்.

இதை ஏற்றால் இயலுமை அணுகுமுறை, ஒருவருக்கு இயலும் வாழ்நிலைகள் அனைத்தையும் குறிக்க இயலுமைத் தொகுதி, கருவி வடிவமைப்பாளருக்கு இயலுமை நோக்கிய வடிவமைப்பு என்று தொடர்சொற்கள் தடையின்றி வருகின்றன. ஒருவர் இயலுமையிலிருந்து உண்மையில் அடைந்துவிட்ட நிலையை, அதாவது சென் ஃபங்ஷனிங் என்று அழைப்பதை, ‘எய்துநிலை’ எனலாமா என்று யோசித்துவருகிறேன். ‘செயற்பாடு’ என்றால் நலமாயிருத்தல், மதிப்போடு வாழ்தல் போன்றவை விடுபட்டுப்போகின்றன. இந்தச் சொல்லில் எனக்கு இன்னும் நிறைவில்லை. கண்டி நண்பரின் கருத்தை முதலில் அறிய விரும்புகிறேன்.