கொல்லிமலை ஏற்றத்தில் வண்டி உதறுகிறது, தட்டுகிறது: இன்ஜின் கோளாறா, என் பழக்கமா?

நாமக்கல் புல்லட்காரன்:
அப்பாவின் பழைய புல்லட் 350ஐப் பன்னிரண்டு வருடம் ஓட்டினேன். மூன்று மாதம் முன்பு ஒரு லிக்விட் கூல்டு, நான்கு வால்வு, ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு மாறினேன். ஆறு கியர். காரவள்ளியில் ஏற்றம் தொடங்கியதும் ஐந்தாவது கியரில் 40இல் போனால் செயின் உதறுகிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் உள்ளே சில்லறை குலுங்குவது போலத் தட்டும் சத்தம். புல்லட்டில் இதே ஏற்றத்தில் டாப் கியரை மாற்றாமலே பாதி வளைவுகளைக் கடந்திருக்கிறேன். மெக்கானிக் பிளக், செயின் தளர்வு எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறார். இன்ஜின் தேய்ந்துவிடுமே என்று 4000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 4000 சுற்று) தாண்டாமல்தான் ஓட்டுகிறேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?

பட்டறை அனுபவம்:
தம்பி, 4000 தாண்டாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். புல்லட்டுக்கு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மிமீ. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் சக்கரமும் கனம். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் அந்த எடைதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். உங்கள் புது வண்டி வகை அப்படியே நேர் எதிர். உதாரணத்துக்கு கேடிஎம்மின் 373 சிசி இன்ஜினில் போர் 89, ஸ்ட்ரோக் 60. சுழலும் எடையும் குறைவு. நான்கு ஸ்ட்ரோக் சிங்கிள் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்று 2400 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 20 தடவைதான் வெடிக்கும். அந்த இடைவெளியை நிரப்பக் கனம் இல்லாததால் செயின் உதறுகிறது. அந்த நிலையில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் பெட்ரோல், காற்றுக் கலவை தானாகவே பற்றிக்கொண்டு தட்டும். பிஸ்டனுக்கு உண்மையான ஆபத்து அதுதான்.

தேய்மான பயத்துக்கு ஒரு கணக்கு. 90 மிமீ ஸ்ட்ரோக்கில் 5000 ஆர்பிஎம் என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 15 மீட்டர். 60 மிமீ ஸ்ட்ரோக்கில் அதே 15 மீட்டர் வர 7500 ஆர்பிஎம் ஆக வேண்டும். உங்கள் 6000 ஆர்பிஎம், புல்லட்டின் 4000க்குச் சமம். இன்ஜின் சூடானதும் இரண்டு கியர் இறக்கிவிட்டு மலை ஏறுங்கள். அதற்கப்புறமும் தட்டினால் பெட்ரோலை மாற்றிப் பாருங்கள். செயின் இழுப்பின் அதிர்வைத் தாங்கும் பின்சக்கர ஹப் ரப்பரையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

லாங் ஸ்ட்ரோக் ரசிகன்:
அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனாலும் கியரைத் தொடாமல் மலையேறும் அந்த இழுவை வேண்டும் என்பவருக்கு லாங் ஸ்ட்ரோக்தான். 2020இல் ராயல் என்ஃபீல்டு மீட்டியோரில் வந்த புது 349 சிசி இன்ஜினைப் பாருங்கள். வால்வைத் திறக்க உதவும் புஷ்ராட் கம்பியை எடுத்துவிட்டு, வால்வை இயக்கும் கேம்ஷாஃப்டை இன்ஜின் தலைக்கு ஏற்றினார்கள். போர், ஸ்ட்ரோக் அளவு மட்டும் 72க்கு 85.8. நீளமான ஸ்ட்ரோக்கை விடவே இல்லை. அந்தத் தன்மைக்குத்தான் மக்கள் காசு கொடுக்கிறார்கள்.

ஆர்எக்ஸ் பிரியன்:
என் யமஹா ஆர்எக்ஸ் 100 இரண்டுக்கும் நடுவில்: போரும் ஸ்ட்ரோக்கும் 50க்கு 50. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. இருந்தும் சுற்றவிட்டால்தான் உயிர் வரும். பவர் உச்சம் 7500இல். காதை விட்டுவிட்டு மீட்டரை நம்புங்கள் நண்பரே. புல்லட்டில் பழகிய காதுக்கு 6000 என்பது அலறலாகத்தான் கேட்கும். எனக்கு அந்த அலறல்தான் பிடிக்கும்.

நாமக்கல் புல்லட்காரன்:
ஞாயிறு காலை போய் வந்தேன். வளைவுகளில் இரண்டாவது, நேரில் மூன்றாவது, முள் 5000க்கும் 6500க்கும் நடுவில். 70 வளைவிலும் ஒரு தட்டல் கூட இல்லை. ஹப் ரப்பரும் நன்றாக இருக்கிறது. முதல் பத்து வளைவு வரை கை தானாக மேல் கியருக்குப் போனது, அப்புறம் பழகிவிட்டது. அப்பாவின் புல்லட்டை விற்கும் எண்ணத்தை மட்டும் கைவிட்டேன். மலை மேல் செம்மேட்டில் நின்றபோது அந்தச் சத்தத்துக்கு மனசு ஏங்கியது. இன்னொன்று, ஊருக்குள் 30இல் போகும்போது இதற்கு எந்த கியர்?

பட்டறை அனுபவம்:
இரண்டு. மூன்றாவதில் உதறினால் கிளட்ச்சைத் தேய்க்காமல் இறக்கிவிடுங்கள்.