சிகரெட் வரியைப் பாதியாக்கினால் ஆஸ்திரேலியாவில் கள்ளச் சரக்கு ஒழியுமா?

கணக்குப்பிள்ளை:
வரியைப் பாதியாக்கினால் கள்ள சிகரெட் தானாக ஒழிந்துவிடும் என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். கைதட்டியவர்களில் ஒருத்தராவது கணக்குப் போட்டீர்களா? 2025 மார்ச் நிலவரப்படி குச்சிக்கு எக்சைஸ் (கலால் வரி) கிட்டத்தட்ட 1.40 டாலர், 20 குச்சிக்கு 28. பாதியாக்கினால், அதன்மேல் போடும் ஜிஎஸ்டியும் சேர்ந்து குறைந்து, 40 டாலர் பாக்கெட் கிட்டத்தட்ட 25க்கு வரும். மெல்பர்னில் கள்ள பாக்கெட் 15 டாலர். 25 எப்படி 15ஐ அடிக்கும்?

யாழ்மகன்:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லிக் கதைக்க என்ன பயம்? 15ஐ அடிக்கத் தேவையில்லை. பத்து டாலர் மிச்சம் பிடிக்க ஆர் கள்ளக் கடை தேடிப் போவினம்? இப்ப 40க்கும் 15க்கும் 25 டாலர் வித்தியாசம் எண்டபடியால்தான் போகினம். 2019-20இல 1600 கோடி டாலர் வந்த வரி, 2024-25இல பாதிக்கும் கீழ. சனம் முழுக்கப் புகையை விட்டுட்டுதோ?

தென்றல்:
2013இலிருந்து 2020 வரை வருஷா வருஷம் வரியை 12.5% ஏற்றினார்கள். தினமும் புகைப்பவர்கள் 2010இல் 15%, 2022-23இல் 8.3%. இதைப் பற்றி யாருமே பேச மாட்டீர்களா?

கணக்குப்பிள்ளை:
தேடிப் போகணுமா? முன்னால் மிட்டாய், போன் கவர். கல்லாவுக்குக் கீழே இழுப்பறையில் பாக்கெட். கார்டு வாங்க மாட்டான், ரொக்கம்தான். நல்ல கடையை விட அதுதான் பக்கத்தில் இருக்கிறது. திரும்பக் கேட்கிறேன்: 25ஆ, 15ஆ?

பினாங்கு பாலா:
எங்க மலேசியாவப் பாருங்க. 2015 நவம்பர்ல குச்சிக்கு 28 சென்னா (ரிங்கிட்டோட சில்லறை) இருந்த வரிய 40 சென்னாக்குனாங்க. அடுத்த வருஷமே சந்தைல பாதிக்கு மேல கள்ள சிகரெட்.

கணக்குப்பிள்ளை:
யார் எடுத்த கணக்கு அது? சிகரெட் கம்பெனிகள் காசு கொடுத்து எடுக்க வைத்தது. அதை இங்கே கொண்டுவர வெட்கமாக இல்லையா?

பினாங்கு பாலா:
வெட்கம் அது இதுன்னு பேசாதீங்க. கோலாலம்பூர் ஒட்டுக்கடைல வந்து நின்னு பாருங்க, தெரியும்.

யாழ்மகன்:
கணக்குப்பிள்ளை சென்னையில இருந்துகொண்டு மெல்பர்ன் விலை சொல்லுறார். 2023இலிருந்து மெல்பர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில கள்ள சிகரெட் கும்பலுகள் நூறு கடைக்கு மேல தீ வச்சிருக்கிறாங்கள். அந்தக் காசைக் குடுத்தது இந்த வரி. நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் மின்ஸே குறைக்கச் சொல்லிக் கேட்டவர். நிதியமைச்சர் சால்மர்ஸ்தான் மாட்டன் எண்டவர்.

கணக்குப்பிள்ளை:
மெல்பர்ன் புறநகர் டாண்டினாங்கில் குடியிருந்தவன் நான். விக்டோரியாவில் 2025 ஜூலை வரை புகையிலை விற்க லைசென்ஸே கிடையாது, எவனும் கடை போடலாம். தீயை வைத்தது வரியா, கேட்க ஆளில்லாததா? 2006இலிருந்து அங்கே சட்டப்படி புகையிலைப் பயிரே இல்லை. வருவதில் பெரும்பகுதி துறைமுகம் வழியாகத்தான். அங்கே பிடிக்காமல் வரியைக் குறை என்றால் கடத்துகிறவன் 15ஐ 10 ஆக்குவான். அப்போதும் அவனுக்கு லாபம்தான். என் கணக்கை இதுவரை ஒருவரும் தொடவில்லை.

தென்றல்:
என்னுடைய 8.3ஐயும் ஒருவரும் தொடவில்லை.

யாழ்மகன்:
தங்கச்சி, குறைஞ்சது நல்லதுதான், ஆர் இல்லையெண்டது? ஆனா கணக்குப்பிள்ளை முந்தி வட்டிவீத விவாதத்திலயும் இப்பிடித்தான் ஒரு எண்ணைப் பிடிச்சுக்கொண்டு மூண்டு நாள் எல்லாரையும் வறுத்தெடுத்தவர்.

கணக்குப்பிள்ளை:
வட்டிவீதத்தில் நான் சொன்னதுதான் நடந்தது. போய்ப் பாருங்கள்.

பினாங்கு பாலா:
கம்பெனி கணக்கு வேணாம்னா, வேற கணக்கு நீங்க போடுங்க. அதுவரைக்கும் என் கணக்குத்தான் நிக்கும்.