கயாக்கை சி-1 ஆக்க எது தோது: தட்டை அடியா, உருண்டை அடியா?

குபு_கரை
இங்கே மலேசியா, குவாலா குபு பாருவில் ரெண்டு செகண்ட் ஹேண்ட் கயாக் (உட்கார்ந்து ரெட்டைத் துடுப்பு போடுற சின்னப் படகு) விலைக்கு வந்திருக்கு. ரெண்டும் பாலிஎதிலீன். முதலாவது 2.65 மீட்டர் நீளம், 65 செ.மீ. அகலம், தட்டை அடி, கூர்மையான ஓரம், தாழ்ந்த வால். ரெண்டாவது 2.45 மீட்டர், 67 செ.மீ., உருண்டை அடி, மூக்கும் வாலும் மேலே வளைஞ்சு பானை மாதிரி இருக்கும். சீட்டைக் கழற்றிட்டு, மண்டியிட்டு ஒத்தைத் துடுப்பு போடுற மூடிய கனூவா (சி-1) மாத்தணும். எடை 78 கிலோ, சப்பாத்து 9. ஓட்டப்போறது சுங்கை சிலாங்கூர் ஆத்துல. எதை எடுக்கலாம்?

மண்டி_மாறன்
யோசிக்கவே வேண்டாம் தம்பி, தட்டை அடி. கயாக்கில் உட்கார்ந்தால் இடுப்பு அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். மண்டியிட்டால் சேணம் (மண்டியிட்டபடி மேலே அமரும் நுரை இருக்கை) 15 முதல் 18 செ.மீ. வரை போகும். உடம்பின் பாரம் அவ்வளவு மேலே ஏறின பிறகு உருண்டை அடி ஊஞ்சல் ஆடும். அடுத்தது, ஒரே பக்கம் துடுப்பு போடும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் மூக்கு எதிர்ப்பக்கம் ஓடும். 2.45 மீட்டர் குட்டைப் படகு இதில் ரொம்ப மோசம், பாதி பலம் மூக்கைத் திருப்பிக் கொண்டுவரவே போய்விடும். நீளமும் கூர்மையான ஓரமும் இருந்தால், சாய்த்துப் பிடித்தாலே படகு சொன்ன பக்கம் போகும்.

பாறை_ராசு
அண்ணே, அடியைப் பத்தி அப்புறம் பேசலாம். பாதம் எங்கே போகும்? மண்டியிட்டா ரெண்டு பாதமும் சேணத்துக்குப் பின்னால, மேல்தட்டுக்குக் கீழே நீட்டிக் கிடக்கும். கயாக்ல அந்த இடத்துல யாரும் கால் வைக்கிறதில்ல, அதனால செய்யறவன் வாலை இஷ்டத்துக்குத் தாழ்த்தி வச்சிருப்பான். 9 சைஸ் கால், மெல்லிசா ஒரு ஆத்துச் சப்பாத்து, விரல் பின்னாடி நீட்டி இருக்கும்போது குதிகால் உயரம் 12, 13 செ.மீ. வரும். சேணத்தோட பின் விளிம்புலேர்ந்து 25 செ.மீ. தள்ளி, அடிக்கும் தட்டுக்கும் நடுவுல 14 செ.மீ.க்குக் கீழே இருந்தா அந்தப் படகைத் தொடாதீங்க. கவிழ்ந்து வெளியே வரும்போது சப்பாத்து மாட்டிக்கிட்டா கதை முடிஞ்சது.

மண்டி_மாறன்
அதுக்குத்தான் சேணத்தை உயர்த்திக்கலாமே. 18 செ.மீ. வைத்தால் கால் தாராளமாகப் போகும்.

பாறை_ராசு
இல்லண்ணே, அங்கதான் தப்பு. சேணம் உசந்தா முழங்கால் மடிப்பு விரியும், மரத்துப்போறது குறையும், அவ்வளவுதான். பாதம் அப்பவும் தரையிலதான் கிடக்கு. மேல்தட்டு ஒரு அங்குலம்கூட உசராது. மிச்சம் என்ன? பாரம் இன்னும் மேலே ஏறினதுதான்.

மண்டி_மாறன்
சரி, அது வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உருண்டை அடியின் ஆட்டத்துக்கு என்ன பதில்?

பாறை_ராசு
67 செ.மீ. அகலம் கொஞ்சம் ஆட்டத்தை எடுத்துடும். சேணத்தை 15லயே நிறுத்தினா இன்னும் குறையும். அதுக்கு மேல, நம்ம ஆத்தைப் பாருங்க. அணையிலேர்ந்து தண்ணி குறைவா வர்ற நாள்ல கருங்கல் பாறை பாதி வெளியேதான் தெரியும். கூரான ஓரம் பாறையில சிக்கினா படகு நின்னுடும், தண்ணி மேலேறி ஒரு நொடியில கவுத்துடும். உருண்டை அடி வழுக்கி இறங்கிடும். சபா பாடாஸ் மாதிரி தண்ணி நிறைஞ்ச ஆறுன்னா நீங்க சொல்றதுதான் சரி.

துடுப்பு_துரை
இடையில ஒரு கேள்வி. பழைய ஸ்லாலம் (தொங்கவிட்ட கம்பங்களுக்கு நடுவுல வளைஞ்சு போற போட்டி) சி-1 வாங்கினா மாத்துற வேலையே இல்லையே?

மண்டி_மாறன்
போட்டி விதிப்படி அது குறைந்தது 3.5 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் இருக்கணும். மெல்லிய ஃபைபர், கார்பன். இந்தக் கருங்கல்லில் மாதம் ஒரு தடவை ஒட்டுப்போட வேண்டியதுதான்.

தௌகே_மகன்
சாமானுக்கு வர்றேன். சேணத்துக்குத் தனி நுரை தேடி அலைய வேணாம். யோகா பிளாக்னு ஈவா நுரைக் கட்டை விக்குது, 23க்கு 15க்கு 10 செ.மீ. அளவு. மூணு வாங்கி, ரெண்டை நீளவாக்குல வரிசையா ஒட்டி, மூணாவதை 5 செ.மீ. தடிப்பா ரெண்டா அறுத்து மேலே போட்டா சரியா 15 உயரம். முன்பக்கம் தொடைக்கு நடுவுல 12 செ.மீ. அகலத்துக்குச் செதுக்கணும், பின்பக்கத்தை இப்போ தொடாதீங்க. அறுக்க ரொட்டிக் கத்தி போதும், உப்புத்தாள் 60 நம்பர். தொடையைப் படகோட சேர்த்துப் பிடிக்கிற தொடைப் பட்டைக்கு லோரிக்குக் கட்டுற ராட்செட் பெல்ட், 50 மில்லி அகலம்.

பாறை_ராசு
நுரை யோசனை அருமை. ஆனா ராட்செட் மட்டும் வேணாம்! இறுகி நிக்கும்போது ஒரு கையால அது திறக்காது. தலைகீழா தொங்கிக்கிட்டு ரெண்டு கையாலயும் நோண்ட முடியுமா? பை வாரில் இருக்கிற ஏணி பக்கிள் போடுங்க. அதோட உதட்டைத் தூக்கினாலே பட்டை தளரும். உதட்டுல 10 செ.மீ. சிவப்பு நாடா ஒண்ணு தச்சு விடுங்க, கை தடவினதும் கிடைக்கணும்.

குபு_கரை
பட்டையோட உள்முனையை எங்கே கட்டறது? அடியில ஓட்டை போட்டு போல்ட் வைக்கலாமா?

மண்டி_மாறன்
தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓட்டையே கூடாது. வெளிமுனைகளுக்குச் சீட்டு மாட்டியிருந்த பழைய போல்ட் துளைகள் இருக்கும், எவர்சில்வர் போல்ட்டும் அகல வாஷரும் போடுங்கள். உள்முனைக்கு, சேணத்தின் அடிப்பாகத்தில் குறுக்கே ஒரு பிவிசி பைப் துண்டை நுழைத்து அதற்குள் பட்டையை விடுங்கள். பட்டை அகலம் நுழையணும் என்பதால் பைப்பைச் சூடுகாட்டித் தட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

தௌகே_மகன்
அப்படின்னா தொடை இழுக்கிற இழுப்பெல்லாம் சேணத்து மேலதானே விழும்? பாலிஎதிலீன்ல பசை பிடிக்காதே அண்ணே. சப்பாத்துக் கடை மஞ்சள் பசை ரெண்டே வாரத்துல உரிஞ்சு வந்துடும்.

பாறை_ராசு
பசையை மட்டும் நம்பினா உரியத்தான் செய்யும். கயாக் மூக்குப் பக்கம் நடுவுல ஒரு நுரைச் சுவர் நிக்கும், பார்த்திருப்பீங்க. பாறையில அழுந்தும்போது மேல்தட்டு கால் மேல நசுங்காம இருக்கிறதே அதாலதான். இடம் பத்தலைன்னு அதைப் பிடுங்கிப் போடுறவங்க இருக்காங்க, பெரிய தப்பு. சேணத்தை முன்னால நீட்டி அந்தச் சுவரோட சேர்த்து ஒட்டுங்க. சுவர் தட்டுக்குக் கீழே இறுகி நிக்கறதால சேணத்தை மேலே எழ விடாது. பின்னால இருக்கிற சுவரும் அப்படியே இருக்கட்டும், பாதம் அதுக்கு ரெண்டு பக்கமும் போகும்.

பசையும் சும்மா இல்ல, முறையா செஞ்சா பிடிக்கும். உப்புத்தாள் போட்டு, ஸ்பிரிட்ல துடைச்சு, கேஸ் டார்ச்சோட நீலச் சுடரை ஒரே வீச்சா ஓட்டணும். பிளாஸ்டிக் பளபளக்க ஆரம்பிச்சா அது உருகுதுன்னு அர்த்தம், கையை எடுத்துடுங்க. ஸ்பிரிட் நல்லா காஞ்ச பிறகுதான் டார்ச். சுடர் காட்டின அன்னைக்கே பசை தடவணும், மறுநாளைக்குத் தள்ளினா பலன் குறையும்.

மண்டி_மாறன்
ஒட்டுவதற்கு முன்னால் சேணம் எங்கே நிற்கணும் என்று பார்த்தாகணும். பழைய சீட்டு இருந்த இடத்திலேயே வைப்பதுதான் எல்லாரும் செய்கிற பிழை. கயாக்கில் கால் முன்னால் நீட்டியிருக்கும், அதன் பாரமும் முன்னால்தான். மண்டியிட்டால் கால் பின்னால் வந்துவிடும், வால் அமிழ்ந்துவிடும். சீட்டைக் கழற்றுமுன் அதில் உட்கார்ந்து மிதக்க விட்டு, மூக்கிலும் வாலிலும் தண்ணீர் தொடும் கோட்டில் டேப் ஒட்டி வையுங்கள். பிறகு ஒட்டாத சேணத்தில் மண்டியிட்டு, அந்தக் கோடு திரும்ப வரும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளுங்கள்.

குபு_கரை
இப்பதான் போய் அளந்துட்டு வந்தேன். தட்டை அடியில 25 செ.மீ. பின்னால உயரம் 11.5. உருண்டையில 17. உருண்டையோட வாய் (ஆள் இறங்குற திறப்பு) நீளம் 87 செ.மீ., முழங்கால் தட்டாம வெளியே வருது.

பாறை_ராசு
17ஆ! பணத்தைக் கொடுத்துட்டு தூக்கிட்டு வாங்க.

மண்டி_மாறன்
11.5 என்றால் நானும் தட்டையைச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தக் குட்டைப் படகு நேராகப் போகும் என்று யாரும் ஆசை காட்டவேண்டாம், முதலில் தேங்கின தண்ணீரில் ஜே இழுப்பு (இழுப்பின் முடிவில் துடுப்பை வெளியே தள்ளி மூக்கை நேராக்குவது) நன்றாகப் பழகணும். இன்னொன்று: பட்டை போட்ட பிறகு ஆற்றுக்குப் போகும் முன், புல்தரையில் படகைப் பக்கவாட்டில் சாய்த்து, ஸ்கர்ட் (இடுப்பில் மாட்டிப் படகின் வாயை மூடும் உறை) மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை வெளியே வந்து பாருங்கள். ஒரு தடவை சப்பாத்து உரசினாலும் சேணத்தின் பின்பக்கத்தை 2 செ.மீ. வெட்டணும்.

தௌகே_மகன்
பசை ரெண்டு பக்கமும் தடவி 15 நிமிஷம் விடுங்க, விரல்ல ஒட்டாத பதம் வந்ததும் வச்சு அழுத்தணும். மழை வர்ற சாயங்காலத்துல செய்யாதீங்க, ஈரம் மேல படிஞ்சு வெள்ளை பூத்துடும்.