தனித்தனிக் கணக்கு இருந்தும் என் கோப்புகளைப் பிறர் திறக்க முடிவது ஏன்?

கேள்வி:

வணக்கம். வழக்கறிஞர் ஒருவருக்கு வீட்டிலிருந்தே மனுக்களைத் தட்டச்சு செய்து தருகிறேன். வீட்டில் இருப்பது ஒரே கணினி. அதில் 2020இல் உபுண்டு 20.04 இயங்குதளத்தை நிறுவி, பிறகு 22.04க்கு மேம்படுத்தினேன். எனக்கும் தம்பிக்கும் மகளுக்கும் தனித்தனிக் கணக்குகளும் கடவுச்சொற்களும் இருப்பதால், என் கோப்புகள் பத்திரமாக இருப்பதாகவே நம்பியிருந்தேன். சென்ற வாரம், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், "அப்பா, ஜீவனாம்சம் என்றால் என்ன?" என்று கேட்டாள். தன் கணக்கிலிருந்தே என் கோப்புறைக்குள் போய், ஒரு பெண்மணியின் விவாகரத்து மனுவைத் திறந்து படித்திருக்கிறாள். என்னை நம்பி ஒப்படைத்த குடும்ப விவரம் அது. கடவுச்சொல் இருந்தும் இது எப்படி நடந்தது? இனி எப்படித் தடுப்பது?

முதல் பதில்:

ஐயா, கடவுச்சொல் உங்கள் பெயரில் பிறர் நுழைவதை மட்டுமே தடுக்கிறது. கோப்புகளை யார் படிக்கலாம் என்பதை முடிவு செய்வது அனுமதி எண். உபுண்டுவில் 20.10 பதிப்பு வரை ஒவ்வொருவரின் ஹோம் கோப்புறையும் (அவரவர் கோப்புகள் இருக்கும் முதன்மைக் கோப்புறை) 755 என்ற எண்ணோடுதான் உருவானது. படிக்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1 என்பது கணக்கு. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்றவர்களுக்கு. ஆகவே கடைசியில் உள்ள 5, வீட்டில் எவரும் உள்ளே வந்து படிக்கலாம் என்பதையே குறிக்கிறது. 21.04 முதல் இது 750 ஆக மாறியது. ஆனால் அந்த மாற்றம் புதிய கணக்குகளுக்குத்தான். மேம்படுத்தும்போது பழைய கோப்புறைகளின் எண் மாறுவதில்லை என்பதால், உங்களுடையது 2020இல் இருந்தபடியே திறந்து கிடக்கிறது.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தில், அனுமதி எண்ணை மாற்றும் சிஎச்மோட் (chmod) கட்டளையோடு 700 என்ற எண்ணையும் உங்கள் ஹோம் கோப்புறையின் பெயரையும் தந்தால் போதும். உள்ளே இருக்கும் ஆயிரம் கோப்புகளையும் தனித்தனியே மாற்றத் தேவையில்லை. வாசற்கதவு சாத்தியிருந்தால் உள்ளறைகள் திறந்திருந்தாலும் யாரும் அங்கே போக முடியாது.

இரண்டாம் பதில்:

மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் தம்பியின் கணக்கு நிர்வாகிக் கணக்காக இருந்தால் 700 அவரைத் தடுக்காது. நிர்வாகி அதிகாரத்தோடு செயல்பட உதவும் சூடோ (sudo) கட்டளையால் அவர் எதையும் திறக்கலாம். அமைப்புகளில் பயனர்கள் பகுதிக்குச் சென்று இதை முதலில் பாருங்கள். வன்தட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யுமாறு (கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றுமாறு) சிலர் சொல்வார்கள். கணினி களவு போனால் அது காக்கும், ஆனால் தொடங்கும்போது ஒருமுறை பூட்டைத் திறந்துவிட்டால், அதன்பின் எல்லாக் கணக்குகளுக்கும் அது திறந்ததுதான். மிக அந்தரங்கமான மனுக்களை, ஆவணம் தட்டச்சு செய்யும் லிபரே ஆபிஸ் மென்பொருளில் சேமிக்கும்போதே கடவுச்சொல் இட்டுச் சேமியுங்கள். அந்தக் கடவுச்சொல் மறந்தால் மனுவை மீட்க வழியில்லை என்பதால், அதைத் தாளில் எழுதிப் பீரோவில் வைப்பது நல்லது.

கேட்டவர்:

மிக்க நன்றி. 700 ஆக மாற்றினேன். மகளின் கணக்கில் நுழைந்து பார்த்தபோது அனுமதி இல்லை என்ற செய்தியே வந்தது. ஆனால் முன்பு விண்டோஸ் இருந்தபோது பயன்படுத்திய, வன்தட்டின் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் சேமிப்பு வடிவம்) பாகத்திலும் பழைய மனுக்கள் இருக்கின்றன. கணினி தொடங்கும்போதே அது தானாக இணைகிறது. அங்கே சிஎச்மோட் கொடுத்தால் எதுவும் மாறவில்லை.

மூன்றாம் பதில்:

அந்தப் பாகத்தில் அனுமதியை முடிவு செய்வது பெரும்பாலும் அது இணைக்கப்படும் முறைதான். அதனால்தான் சிஎச்மோட் எடுபடவில்லை. பென் டிரைவுக்கு மாற்றுவதும் உதவாது; அவற்றில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்ற சேமிப்பு வடிவங்களில் உரிமையாளர் என்ற குறிப்பே கிடையாது. ஆகையால் மனுக்களை உங்கள் ஹோம் கோப்புறைக்கு நகலெடுத்து, எல்லாம் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்தபின் பழையவற்றை நீக்குங்கள். நீக்கியவை அதே பாகத்தில் மறைவாக இருக்கும் குப்பைத்தொட்டிக் கோப்புறையில் தங்கும். அதையும் மறக்காமல் காலி செய்யுங்கள்.

கேட்டவர்:

அப்படியே செய்தேன். குப்பைத்தொட்டியில் நான் எப்போதோ நீக்கியதாக நினைத்த 14 மனுக்கள் அப்படியே கிடந்தன. தம்பியின் கணக்கு நிர்வாகிக் கணக்காகத்தான் இருந்தது. அவனிடம் காரணத்தைச் சொன்னதும் அவனே சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ளச் சம்மதித்தான்.