‘மேலத்தெரு சொந்தங்கள்’ குழு: முதல் பரிசா, ஆறுதல் பரிசா?

சனிக்கிழமை, 8 பிப்ரவரி 2025

பெரியப்பா: (பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது) உலகப் படவிழாவில் தமிழ்ப் படத்துக்கு முதல் பரிசு!! நெதர்லாந்தே எழுந்து நின்று கைதட்டியது!! தமிழனாக இருந்தால் பகிரவும்!!

பெரியப்பா: ராட்டர்டாம் என்று போட்டிருக்கிறது. தம்பி, உன் ஊர்தானே?

சித்தி: எந்தப் படம் என்றே அதில் இல்லையே அத்தான்.

பெரியப்பா: அதை அனுப்பியவன்தான் போட்டிருக்க வேண்டும்.

அண்ணன் (ராட்டர்டாம்): இப்போதுதான் எழுந்தேன் பெரியப்பா. படம் ‘பேட் கேர்ள்’. இயக்குநர் வர்ஷா பரத்துக்கு முதல் படம். விருது வாங்கியது உண்மைதான். ஆனால் இந்த விழாவின் பெரிய விருது புலி விருது. இவர்கள் வாங்கியது நெட்பேக் விருது.

பெரியப்பா: அப்படியென்றால் இரண்டாம் பரிசா?

அண்ணன்: இல்லை.

பெரியப்பா: ஆறுதல் பரிசா?

அண்ணன்: அப்படி வரிசை போட முடியாது. இரண்டுக்கும் தனித்தனி நடுவர் குழு. புலி, வளர்ந்து வரும் இயக்குநர்களுக்கு. இந்தப் படமும் அந்தப் போட்டியில் இருந்தது. நெட்பேக், ஆசியப் படங்களை மட்டும் பார்க்கிற இன்னொரு குழு கொடுப்பது. அவர்கள் பார்த்ததில் இதுதான் சிறந்தது.

மாமா: ஆக, ஆசியாவில் முதல். அத்தான் ஜெயித்துவிட்டார். புலிக்கு எவ்வளவு பணம்?

அண்ணன்: 40,000 யூரோ. இயக்குநரும் தயாரிப்பாளரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

மாமா: நம் காசுக்கு 36 லட்சம் சொச்சம். இங்கே ஒரு பாட்டுக்கு செட் போடக்கூடப் பத்தாது.

அண்ணன்: நல்லதாக இன்னொரு விருது இருக்கிறது மாமா. அதற்குச் சாதாரண ரசிகர்கள்தான் நடுவர்கள். ஜெயிக்கிற படத்தை இந்த நாட்டுத் தியேட்டர்களில் வெளியிடுவார்கள், டிவியிலும் போடுவார்கள்.

மாமா: அதுதான் உருப்படியான பரிசு. கேடயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படம் ஓட வேண்டும்.

சித்தி: எதற்குப் புலி? அந்த ஊரில் புலி ஏது?

அண்ணன்: ஹாலிவுட் எம்ஜிஎம் கம்பெனிக்குச் சிங்கம் இருக்கிறதே சித்தி, அதற்குப் போட்டியாக வைத்தது. 1972-ல் ஹியூபர்ட் பால்ஸ் என்பவர் தொடங்கினார். முதல் நாள் ராத்திரி படம் பார்க்க வந்தது 17 பேர்.

பெரியம்மா: நம் வீட்டுக் காதுகுத்துக்கே அதைவிடக் கூட்டம்.

அண்ணன்: இப்போது வந்து பாருங்கள் பெரியம்மா. தியேட்டர் சதுக்கத்தில் கிரேன் மாதிரி வளைந்த சிவப்பு விளக்குக் கம்பங்கள் நிற்கும், அதன் அடியில் குளிரில் வரிசை. ஹாலிவுட் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் 1999-ல் புலி வாங்கினார், அவருடைய முதல் படத்துக்கு.

நான்: 2021-ல் நம் ‘கூழாங்கல்’ வாங்கியதே, அதுவும் இதே புலிதானே?

அண்ணன்: அதேதான். அது விழாவுக்கு 50-வது முறை, கொரோனாவால் ஆன்லைனில் நடத்தினார்கள். அதன் இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜுக்கும் முதல் படம். 2017-ல் ஒரு மலையாளப் படமும் புலி வாங்கியது. பெரியப்பா, நீங்கள் தேடுகிற ‘முதல் பரிசு’ தமிழுக்கு அப்போதே வந்துவிட்டது!

பெரியப்பா: அந்தப் படத்தை ஓடிடியில் பார்த்தேன். கதையே இல்லை. அப்பனும் மகனும் வெயிலில் நடந்துகொண்டே இருந்தார்கள்.

பெரியம்மா: பத்தாவது நிமிடத்தில் குறட்டை விட்டவருக்குக் கதை எப்படித் தெரியும்? நான் முழுதும் பார்த்தேன். தாகத்துக்கு அந்தப் பையன் ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். கடைசியில் பெண்கள் ஊற்றைச் சுற்றி உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைக் கிண்ணத்தால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று அதை அள்ளியவளுக்குத்தான் தெரியும். மானாமதுரையில் இருந்தபோது நானும் வைகையில் ஊற்றுத் தோண்டி அள்ளியிருக்கிறேன்.

சித்தி: அக்கா விமர்சனம் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணன்: பெரியம்மா சொன்னதைத்தான் இங்கே நடுவர்களும் பார்த்திருப்பார்கள். வினோத்ராஜின் சகோதரிக்கு நடந்த ஒரு சம்பவத்தில் இருந்து வந்த கதை அது.

மாமா: சரி, இந்த வருடம் புலி யாருக்கு?

அண்ணன்: குரோஷியப் படத்துக்கு மாமா. ‘ஃபியூமே ஓ மோர்த்தே’. முதல் உலகப் போர் முடிந்ததும், 1919-ல், தன்னுன்சியோ என்ற இத்தாலியக் கவிஞர் ஆட்களோடு போய் ஒரு துறைமுக ஊரைப் பிடித்து ஆண்டார். இன்று ரியேக்கா என்கிறார்கள். அந்த ஊர் மக்களையே நடிக்க வைத்து அந்தக் கதையை எடுத்திருக்கிறார்கள்.

மாமா: கவிஞர் ஊரைப் பிடித்தாரா? இங்கே கவியரங்கில் மைக்கைப் பிடித்தாலே விடமாட்டார்கள்.

நான்: பார்க்க வருகிறவர்களும் ஓட்டுப் போடலாமா?

அண்ணன்: அதற்குத் தனி விருதே உண்டு. நான் முதலில் போன வருடம், கையில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள், 1 முதல் 5 வரை எண் போட்டது. படம் முடிந்து வரும்போது, பிடித்த அளவுக்கு அந்த எண்ணில் கிழித்துப் பெட்டியில் போட வேண்டும். கையுறையோடு கிழிக்க வராது. வாசலில் எல்லோரும் கையுறையை வாயில் கவ்விக்கொண்டு நிற்பார்கள்.

சித்தி: ‘பேட் கேர்ள்’ இங்கே எப்போது வரும்? டீசருக்கே அவ்வளவு சண்டை நடந்ததே.

மாமா: முதலில் சென்சார் தாண்டி வரட்டும்.

பெரியப்பா: நான் வாக்கிங் குழுவில் திருத்திப் போட்டுவிட்டேன். ‘ஆசியாவிலேயே முதல் பரிசு’.

அண்ணன்: ராட்டர்டாமில் என்று சேருங்கள் பெரியப்பா!

பெரியப்பா: இரண்டு பேர் பகிர்ந்தாகிவிட்டது.

அண்ணன்: சரி, நாளையோடு விழா முடிகிறது. சாயங்காலம் ஒரு படத்துக்கு டிக்கெட் இருக்கிறது, கிளம்ப வேண்டும்.

பெரியம்மா: காதை மூடிக் குல்லா போட்டுக்கொண்டு போ. படம் எப்படி என்று எனக்குத் தனியாக அனுப்பு. இங்கே போட்டால் உன் பெரியப்பா அதற்கும் ஒரு பரிசு கொடுத்துவிடுவார்.